கருவாட்டு நாத்தமும் ஸ்பைசி தாய் ஃப்ரைட் ரைசும்

முதலிலேயே சொல்லிடறேன். இது சமையல் குறிப்பு மாதிரி ஆரம்பிச்சு சண்டையில போய் முடியப் போற பதிவு. சண்டை வேண்டாம், சோறு மட்டும் போதும்னு நினைக்கிறவங்க நேரா கடைசிப் பகுதிக்குப் போயிடலாம். வருத்தப்பட மாட்டேன். (கொஞ்சம் வருத்தப்படுவேன்.)

விஷயம் இதுதான். போன மாசம் எங்க கல்லூரியில உணவுத் திருவிழா. எங்க வகுப்புக்கும் ஒரு கடை. என்ன போடலாம்னு ரெண்டு நாள் விவாதம் நடந்து, கடைசியில் "ஸ்பைசி தாய் ஃப்ரைட் ரைஸ்" என்று முடிவாச்சு. போன வருஷம் ப்ராஜெக்ட் வேலையா நான் ரெண்டு மாசம் பாங்காக் பக்கத்துல ரங்சித்தில் தங்கியிருந்ததால, "மச்சி, நீதான் எக்ஸ்பர்ட்" என்று என்னைத் தூக்கி முன்னால நிறுத்தினாங்க. நானும் மார்பை நிமிர்த்திக்கிட்டு, அங்கிருந்து வாங்கி வந்த ஃபிஷ் சாஸ் பாட்டிலைப் பையில வச்சுக்கிட்டுப் போனேன்.

மூடியைத் திறந்தேன். அவ்வளவுதான்.

"ஐயய்யே... என்னடா இது கருவாட்டு நாத்தம்!" ஒருத்தன் மூக்கைப் பொத்தினான். இன்னொருத்தி ரெண்டடி பின்னால போனாள். "இதை ஊத்தினா ஒருத்தன் வர மாட்டான் கடைக்கு, எடுத்து உள்ளே வை" என்று தீர்ப்பு வந்துச்சு. பாட்டில் திரும்பப் பைக்குள்ள போயிடுச்சு. முட்டைகோஸ், கேரட், பீன்ஸ், குடைமிளகாய், சோயா சாஸ், பச்சை மிளகாய் சாஸ், தக்காளி கெட்சப், மேலே மிளகுத்தூள். பலகையில் பெரிய எழுத்துல "தாய்". ரெண்டு மணி நேரத்துல எல்லாம் வித்துத் தீர்ந்துடுச்சு. எல்லாரும் கை குலுக்கிக்கிட்டோம். நானும்தான்.

அன்னிக்கு வாயைத் திறக்காம நின்னதுக்குப் பரிகாரம்தான் இந்தப் பதிவு.

முதல் கேள்வி: நாங்க வித்தது என்ன? அது தாய் ஃப்ரைட் ரைஸ் இல்லை. நம்ம ஊர் தள்ளுவண்டியில கிடைக்கிற வெஜ் ஃப்ரைட் ரைஸ். அது மோசமான சாப்பாடுன்னு நான் சொல்லவே மாட்டேன். மாசக் கடைசியில என் உயிரைக் காப்பாத்தினதே அதுதான். ஆனா அதுக்கு ஏற்கனவே ஒரு பேர் இருக்கு. இன்னொருத்தர் வீட்டுப் பேரை ஏன் ஒட்டணும்?

தாய்லாந்தில் இதுக்குப் பேர் காவ் பட். காவ் என்றால் சோறு, பட் என்றால் வதக்குறது. ரங்சித்தில் நான் தங்கியிருந்த தெருமுனையில் ஒரு அக்கா கடை. ஒரு அடுப்பு, ஒரு சட்டி. ஆர்டர் வந்தா ஒரு தட்டுக்கு மட்டும் பண்ணுவாங்க. எண்ணெய், தட்டின பூண்டு, ஒரு முட்டை, கொஞ்சம் கோழியோ இறாலோ, ஆறின சோறு, ஃபிஷ் சாஸ், ஒரு சிட்டிகை சர்க்கரை, கடைசியில் வெங்காயத்தாள். மூணு நிமிஷத்துக்குள்ள தட்டு என் முன்னால இருக்கும். ஓரத்துல வெள்ளரிக்காய்த் துண்டு, ஒரு எலுமிச்சைக் கீத்து. அந்த அக்கா சோயா சாஸும் கொஞ்சம் தெளிப்பாங்க, மறைக்கலை. ஆனா ஃபிஷ் சாஸ் பாட்டில் காலியானா புது பாட்டில் வர்ற வரைக்கும் அடுப்பை அணைச்சுட்டு உட்கார்ந்திருப்பாங்க.

சரி, "ஸ்பைசி" எங்கே? இங்கதான் நம்ம ஆளுங்க பலரும் கோட்டை விடறது. சாதாரண காவ் பட் காரமே கிடையாது. காரம் தனியா ஒரு சின்னக் கிண்ணத்துல வரும். பேர் ப்ரிக் நாம் ப்ளா. ஃபிஷ் சாஸில் பொடியா நறுக்கின பச்சை மிளகாய், அதுல கொஞ்சம் எலுமிச்சைச் சாறு, சில கடையில் பூண்டு. சாப்பிடறவங்க அவங்கவங்க நாக்குக்கு ஏத்த மாதிரி மேலே விட்டுக்கணும். சட்டியிலேயே காரமா வேணும்னா அதுக்குத் தனியா கப்ராவ் வகை இருக்கு. பூண்டையும் மிளகாயையும் உரல்ல இடிச்சு, எண்ணெயில போட்டு, தெருவே இருமற அளவுக்கு வதக்கி, கடைசியில் கப்ராவ் இலையைக் கிள்ளிப் போடுவாங்க. ரெண்டிலயும் மாறாத ஒண்ணு ஃபிஷ் சாஸ்தான். காரத்தைச் சுமந்துட்டு வர்ற வண்டியே அதுதான். வண்டியைக் கழட்டிட்டு மிளகாய் சாஸை ஊத்தி "ஸ்பைசி தாய்"ன்னா, மன்னிக்கணும், அதுல தாயும் இல்லை பிள்ளையும் இல்லை.

ஃபிஷ் சாஸ்னா என்னமோ ஃபேக்டரி ரசாயனம்னு நினைக்கிறவங்களுக்காக ஒரு பத்தி. தாய் மொழியில் நாம் ப்ளா. நாம் என்றால் தண்ணி, ப்ளா என்றால் மீன். ரெண்டு மூணு பங்கு நெத்திலி, ஒரு பங்கு உப்பு, தொட்டியில் போட்டு மூடி ஒரு வருஷத்துக்கு மேல, நல்ல சரக்குன்னா பதினெட்டு மாசம் வரைக்கும் விட்டுடுவாங்க. மீனோட குடலில் இருக்கிற நொதிகளே மீனைக் கரைச்சுடும். புரதம் உடைஞ்சு அமினோ அமிலமாகும். வடியற தெளிந்த சாறுதான் பாட்டிலில் வருது. நான் வச்சிருக்கிற பாட்டில் மேல கணவாய் படம் போட்டிருக்கும், உள்ளே இருக்கிறது நெத்திலிதான் :-)

அந்த அமினோ அமிலங்களில் முக்கியமானது குளுட்டமேட். 1908-ல் ஜப்பான் வேதியியல் பேராசிரியர் கிகுனே இக்கேடா, கடல்பாசியில் வேகவைத்த தண்ணிக்கு ஏன் அவ்வளவு ருசின்னு தேடிப் போய்க் கண்டுபிடிச்சது இதைத்தான். அதை உப்பா மாத்தி மறுவருஷம் விற்பனைக்கு வந்ததுதான் அஜினோமோட்டோ. எங்க கடையில "அஜினோமோட்டோ சேர்க்கவில்லை"ன்னு ஒரு அட்டையும் தொங்கவிட்டிருந்தோம். ஆனா ஊத்தின சோயா சாஸிலும் குளுட்டமேட் இருக்கு, தக்காளி கெட்சப்பிலும் இருக்கு. அப்ப நாங்க ஒதுக்கினது ரசாயனத்தை இல்லை. மீனைக்கூட இல்லை, ஏன்னா பக்கத்துக் கடையில மீன் வறுவல் வரிசை கட்டி வித்துச்சு, எங்க ஆளுங்களே வாங்கித் தின்னாங்க. ஒதுக்கினது அந்த வாசனையை மட்டும்தான்.

இப்ப வாசனைக்கு வருவோம். மறுப்புகளை ஒவ்வொண்ணா எடுத்துக்கறேன்.

மறுப்பு ஒண்ணு: "நாறுதுடா, நாறாதுன்னு சொல்வியா?"

சொல்ல மாட்டேன். பாட்டிலில் நாறத்தான் செய்யும். ஆனா சூடான சட்டியில் விழுந்ததும் அந்த முகம் மாறிடும். கொஞ்சம் சுட்ட வாசனை, கொஞ்சம் இறைச்சி வாசனைன்னு ஆகிடும், சோத்தோட கலந்தப்புறம் மீன்னே தெரியாது. இதுக்கு அப்படியே சமமான ஒரு பொருள் உங்க வீட்டு அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கு. பெருங்காயம்! ஈரானிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் வர்ற ஒரு செடியோட வேர்ப்பால். கந்தகச் சேர்மங்கள் நிறைஞ்சது. கட்டிப் பெருங்காய டப்பாவை முதல் தடவையா முகர்ந்து பாக்குற வெளியூர்க்காரனைக் கேளுங்க. ஜெர்மன்காரங்க அதுக்கு வச்ச பேரே பிசாசின் மலம்! ஆனா எண்ணெயில விழுந்ததும் சாம்பார் மணக்குது. பெருங்காயத்தை யாராவது "நாத்தம், உள்ளே வை"ன்னு சொல்லிக் கேட்டிருக்கீங்களா? "மணம்"னுதான் சொல்றோம். ரெண்டும் பச்சையா நாறும், ரெண்டும் சூட்டுல மணக்கும். ஒண்ணு மணம், இன்னொண்ணு நாத்தம்னு பிரிச்சுக் குடுத்தது மூக்கு இல்லை. எந்த வீட்டு அடுப்படியில அது இருக்குங்கிற கணக்கு.

மறுப்பு ரெண்டு: "சைவக்காரங்களும் சாப்பிட வருவாங்களே?"

நியாயமான கேள்வி. சைவம் சாப்பிடறவங்க மேல எனக்கு ஒரு கோபமும் இல்லை. தாய்லாந்திலேயே ஜேன்னு ஒரு சைவ முறை இருக்கு. வருஷத்துக்கு ஒரு தடவை ஒன்பது நாள் சைவத் திருவிழாவே நடக்கும், மஞ்சள் கொடி பறக்கற கடையைப் பாத்து உள்ளே போகலாம். அங்கே ஃபிஷ் சாஸ் கிடையாது, வெளிர் சோயா சாஸ்தான், முட்டையும் கிடையாது, பூண்டும்கூடக் கிடையாது. ஆனா அதுக்கு "ஜே"ன்னு வெளிப்படையாப் பேர் போட்டிருப்பாங்க. நாமளும் ரெண்டு சட்டி வச்சு, ஒண்ணுல "சைவம்"னு எழுதியிருக்கலாம். அப்படி யாரும் யோசிக்கலை. ஏன்னா பிரச்சினை சைவம் இல்லை, முட்டை போட்டுத்தானே வித்தோம்!

மறுப்பு மூணு: "தாய்லாந்துக்காரனே கெட்சப் போடறான், யூட்யூப்ல பாத்தேன்."

ஆமா, போடறாங்க. கெட்சப், உலர்திராட்சை, பொரிச்ச கோழி, சாசேஜ், மேலே ஒரு பொரிச்ச முட்டை. அந்தச் சாப்பாட்டுக்கு அவங்க வச்ச பேர் காவ் பட் அமெரிக்கன்! அமெரிக்காவுல போய்க் கேட்டா ஒருத்தனுக்கும் தெரியாது, அது வேற கதை. கெட்சப் ஊத்தினதும் அவங்களே அதைத் தாய் சோறுன்னு சொல்லலை, பாருங்க. நாம சொல்றோம்.

மறுப்பு நாலு: "சாப்பாடு ஊருக்கு ஊர் மாறத்தான் செய்யும். கோபி மஞ்சூரியன் மட்டும் சீனாவுல இருக்கா?"

இதுதான் இருக்கிறதுலயே நல்ல கேள்வி. இதை யோசிச்சுத்தான் ரெண்டு வாரம் ஓடிடுச்சு.

மாறட்டும். காவ் பட்டே மாறி வந்ததுதான். சட்டியில் சோறு வதக்கற வித்தை சீனத்திலிருந்து குடியேறினவங்க கொண்டு போனது. மிளகாய் தாய்லாந்துக்கும் சொந்தமில்லை, நமக்கும் சொந்தமில்லை. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி, பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியர் கப்பலில் ஆசியாவுக்கு வந்தது. 1511-ல் மலாக்காவைப் பிடிச்ச கையோட அவங்க அயுத்தயாவுக்குத் தூது அனுப்பிட்டாங்க. ஆனா தாய்லாந்துக்காரங்க மாத்தின விதத்தைக் கவனிங்க. வந்த சோத்துல அவங்க தங்களோட வாசனையைச் சேர்த்தாங்க. தங்கள் கரையில் கிடைச்ச நெத்திலி, தங்கள் தோட்டத்துல இருந்த கப்ராவ். நாம பண்ணினது சேர்த்தது இல்லை, கழுவினது. வந்த சாப்பாட்டுல எது "நம்ம லெவலுக்கு" சரிப்படலையோ அதைக் கழுவி ஊத்திட்டு, பேரை மட்டும் வச்சுக்கிட்டோம்.

நிஜமாவே நம்மூருக்கு ஏத்த மாதிரி மாத்தணும்னா என்ன பண்ணியிருக்கணும் தெரியுமா? கருவாடு போட்டிருக்கணும்! சிரிக்காதீங்க. தாய்லாந்தில் காவ் பட் ப்ளா கெம்னு ஒண்ணு இருக்கு. ப்ளா கெம்னா உப்பு மீன். நம்ம பாஷையில் கருவாடு. கருவாட்டைப் பொரிச்சு உதிர்த்து சோத்தோட வதக்கித் தர்றாங்க. நம்ம மூக்கைப் பொத்த வச்ச அதே வாசனை அங்கே சுவரில் தொங்கற விலைப்பட்டியல்ல தனி வரியா இருக்கு. ரங்சித்தில் அதை முதல் தடவை சாப்பிட்டப்ப எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. மிளகாயால இல்லை.

இப்ப அந்தக் கதையைச் சொல்லித்தான் ஆகணும்.

எங்க ஊர் நாகப்பட்டினம் பக்கம், கடலோரம். வீட்டுல கருவாடு இல்லாத வாரம் கிடையாது. ஏழாவது படிக்கறப்ப அம்மா ஒரு நாள் நெத்திலிக் கருவாட்டுத் தொக்கும் சோறும் கட்டிக் குடுத்தாங்க. வகுப்புல டிபன் பாக்ஸைத் திறந்ததும் பக்கத்துல இருந்தவன் எழுந்து வேற பெஞ்சுக்குப் போயிட்டான். யாரும் அடிக்கலை, திட்டலை. ஒருத்தன் எழுந்து போனான், அவ்வளவுதான். நான் மூடி வச்சுட்டேன். சாயங்காலம் வீட்டுக்குப் போற வழியில சோத்தைக் கொட்டிட்டு, குழாயடியில் டப்பாவை மண்ணு போட்டுத் தேய்ச்சேன். வீட்டுல போய், "இனிமே ஸ்கூலுக்குக் கருவாடு கட்டாதம்மா"ன்னேன். ஏன்னு அம்மா கேட்கவே இல்லை. அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. பன்னெண்டாவது முடியற வரைக்கும் தயிர் சாதமும் புளி சாதமும்தான்.

சென்னையில வாடகைக்கு ரூம் தேடினப்ப "நீங்க வெஜ்தானே?"ன்னு கேட்ட வீடுகளிலும் இருந்தது இதே மூக்குதான். வாசனையைப் பத்திப் பேசற மாதிரி ஆரம்பிச்சு, ஆள் யாருன்னு தெரிஞ்சுக்கறதுல முடியும்.

அதனாலதான் சொல்றேன், திருவிழாவில் அந்த பாட்டிலை நான் திரும்பப் பைக்குள்ள வச்சது சாதாரண விஷயம் இல்லை. ஏழாவதுல பண்ணின அதே காரியத்தை மறுபடியும் பண்ணினேன். உங்க மேல கோபம் பாதி, என் மேல கோபம் மீதி. நீங்க யாரும் கெட்ட எண்ணத்துல பண்ணலைன்னு எனக்குத் தெரியும். அந்தப் பெஞ்சு மாறிப் போனவனும் கெட்டவன் இல்லை, இப்பவும் நல்ல நண்பன்தான். ஆனா நல்லவங்க மூக்கும் யாரோ சொல்லிக் குடுத்தபடிதான் முகருது. அதைத் தெரிஞ்சுக்கறதுக்குப் படிச்சிருந்தா மட்டும் போதாது போல.

சரி, சண்டை போதும். சோத்துக்கு வருவோம். வீட்டு கேஸ் அடுப்புல தாய்லாந்து ருசி வராது, அவங்க அடுப்பு பெரிசுன்னு ஒரு சாக்கு சொல்வாங்க. ஒரு நேரத்துல ஒரு தட்டு மட்டும் பண்ணினா வீட்டு அடுப்பே போதும். நாலு பேருக்கு ஒரே சட்டியில் குவிச்சாத்தான் சூடு இறங்கி, சோறு வேக ஆரம்பிச்சு உப்புமா ஆகும்.

ஒரு தட்டுக்கு: ஆறின சோறு 2 கப். பூண்டு 4 பல். ஊசி மிளகாய் 4 (தைரியசாலிக்கு 7). தாய்லாந்தில் இந்த வகைக்கு ப்ரிக் கீ நூன்னு பேர், அதாவது எலிப்புழுக்கை மிளகாய், உருவத்தைப் பாத்து வச்சது. இறால் ஒரு கைப்பிடி, இல்லைன்னா கோழியைப் பொடியா நறுக்கினது. முட்டை 1. ஃபிஷ் சாஸ் 1 மேசைக்கரண்டி. சர்க்கரை அரை டீஸ்பூன். எண்ணெய் 2 மேசைக்கரண்டி. இலை ஒரு கைப்பிடி.

அரிசி: அங்கே ஹோம் மாலி, அதாவது மல்லிகை அரிசி. இங்கே பொன்னிப் பச்சரிசியே போதும், தண்ணியைக் கொஞ்சம் குறைச்சு வச்சு உதிரியா வடிங்க. தட்டுல பரப்பி ஆறினதும் மூடி ஃப்ரிட்ஜில் வச்சுடுங்க. ராத்திரி முழுக்க வெளியில வைக்க வேண்டாம். பேசில்லஸ் சீரியஸ்னு ஒரு பாக்டீரியாவோட வித்து, சோறு வேகற சூட்டுலயும் சாகாது. வெளியில கிடந்தா பெருகி வயித்தைப் பதம் பாத்துடும், திரும்ப வதக்கினாலும் அது விட்டுட்டுப் போன நஞ்சு போகாது.

இலை: கப்ராவ் வேற யாரும் இல்லை, நம்ம துளசியோட இனமேதான். அவங்க ரகத்துல மிளகு, கிராம்பு நெடி கொஞ்சம் தூக்கலா இருக்கும். வீட்டுல துளசி சாமி கும்பிடற செடின்னா மாடத்துல கை வைக்காதீங்க, அது அவங்க மனசு. திருநீற்றுப்பச்சிலை கிடைச்சா அதைப் போடுங்க. சப்ஜா விதை தர்ற அதே செடி. தாய்லாந்து சமையல்ல வர்ற ஹோராபா இலைக்கு நெருங்கின உறவு.

செய்முறை: பூண்டையும் மிளகாயையும் உரல்ல ஒண்ணிரண்டா இடிங்க, மிக்ஸி வேண்டாம். இரும்புச் சட்டியைப் புகை வர்ற வரைக்கும் காய வச்சு எண்ணெய் விடுங்க. ஜன்னலைத் திறந்து வைங்க, இது ரொம்ப முக்கியம். இடிச்சதைப் போட்டு பத்து எண்ணறதுக்குள்ள இறாலைப் போடுங்க. நிறம் மாறினதும் ஓரமா ஒதுக்கிட்டு முட்டையை உடைச்சு ஊத்தி, பாதி வெந்ததும் சோறு. கட்டியை அமுக்கி உடைச்சு, புரட்டிட்டே இருங்க. சோறு சூடேறி உதிர்ந்ததும் ஃபிஷ் சாஸைச் சோத்து மேல ஊத்தாம சட்டியோட ஓரத்துல சுத்தி விடுங்க. "சொய்ங்"னு ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தத்துலதான் நாத்தம் மணமா மாறுது. சர்க்கரை, ஒரு புரட்டு, இலை, அடுப்பை அணைச்சுடுங்க. உப்பு போட வேண்டாம், ஃபிஷ் சாஸிலேயே போதும் போதும்னு இருக்கும்.

பக்கத்துல வெள்ளரிக்காய், எலுமிச்சைக் கீத்து. கிண்ணத்துல 2 மேசைக்கரண்டி ஃபிஷ் சாஸ், நறுக்கின மிளகாய் 3, அரை மூடி எலுமிச்சைச் சாறு. மேலே சொட்டுச் சொட்டா விட்டுச் சாப்பிடணும்.

போன ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போயிருந்தப்ப இதை அம்மாவுக்குச் செஞ்சு குடுத்தேன். பாட்டிலைத் திறந்ததும் அம்மா எட்டிப் பாத்து, "நெத்திலியா?"ன்னாங்க. ஒரே முகர்தலில்! மூக்கைப் பொத்தலை. சாப்பிட்டுட்டு, "கருவாடு போட்டா இன்னும் நல்லா இருக்கும்"னாங்க. பாங்காக் போகாமலேயே ப்ளா கெம் கண்டுபிடிச்சுட்டாங்க :-)

அடுத்த வருஷமும் உணவுத் திருவிழா வரும். அதே கடை, அதே பலகை. ரெண்டு சட்டி வைக்கலாம், ஒண்ணு சைவம். இன்னொண்ணுல நான் நிக்கறேன், பாட்டிலைத் திறந்து வச்சுட்டு. மூக்கைப் பொத்தறவங்க தாராளமாப் பொத்திக்கலாம். வாயை மட்டும் திறந்து வைங்க, ஒரு கரண்டி போதும்.

பி.கு: டிபன் பாக்ஸைத் தேய்ச்ச கதை வகுப்புல இதுவரைக்கும் யாருக்கும் தெரியாது. படிச்சுட்டு நாளைக்கு வந்து யாரும் தோள்ல கை போட்டு "சாரிடா"ன்னு சென்டிமென்ட் காட்ட வேண்டாம். மதியம் என் டப்பாவுல பங்குக்கு வாங்க. நாளைக்குக் கருவாட்டுத் தொக்கு.